ஜேன் எயரைப் படிப்பது எப்படி: அவள் பர்ஸைப் பின்தொடரும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஜேன் எயரை முதல் தடவை படித்தபோது காதல் கதையாகத்தான் படித்தேன். முரட்டுப் பணக்காரர், ஏழை ஆசிரியை, மாடியில் ஒரு ரகசியம், கடைசியில் கல்யாணம். பிடித்திருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு படித்தேன்: இந்த அத்தியாயத்தில் இவள் யார் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறாள்?

அப்புறம்தான் அந்தப் பெண் எனக்குப் பிடிபட்டாள். தாய் தகப்பன் இல்லாத, அடி வாங்கி வளர்ந்த பத்து வயதுக் குழந்தை தன் காலில் நிற்கும் பெண்ணாக மாறுவதை சார்லட் பிரான்ட்டே பெரிய பெரிய வசனங்களால் மட்டும் காட்டவில்லை. சம்பளம், வண்டிக் கட்டணம், பாக்கித் தொகை என்று ஷில்லிங் கணக்கில் காட்டுகிறார். அந்தக் கணக்கை ஒட்டிப் படிப்பதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். முடிவு உட்பட முழுக்கதையும் வரும். கதை தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

1. பிரதியும் நோட்டும்

சுருக்கப் பதிப்பு வேண்டாம். அதில் தீ விபத்தும் காதலும் இருக்கும். ஐந்து பவுண்டு பாக்கிக் கணக்கு பெரும்பாலும் இருக்காது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் முழு ஆங்கில மூலமும் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

நாவல் 1847 அக்டோபரில் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. மொத்தம் 38 அத்தியாயங்கள்: முதல் தொகுதியில் 15, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 12. சில பதிப்புகள் தொகுதிக்குத் தொகுதி மறுபடி ஒன்றிலிருந்து எண் கொடுக்கும். நான் தொடர் எண்ணையே சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்றால் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடலாம்.

நோட்டில் நெடுக்காக மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். அவள் எந்தக் கூரையின் கீழ் இருக்கிறாள், அங்கே சாப்பாடு யார் தருவது, அவள் கையில் எவ்வளவு காசு. பழைய ஆங்கிலக் காசுக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

2. உறவு முறையைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்

இந்த நாவலைப் படிப்பதில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் மாமாவும் சித்தப்பாவும் ஒரே சொல். அத்தை மகனும் பெரியப்பா மகளும் ஒரே சொல். நமக்கு அப்படி இல்லையே. அதனால் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

ஜேனின் அம்மா ரீட் குடும்பத்துப் பெண். ஏழைப் பாதிரியாரைக் கட்டிக்கொண்டதால் அப்பா அவளுக்கு ஒரு ஷில்லிங்கூட வைக்காமல் ஒதுக்கிவிட்டார். புருஷனும் மனைவியும் டைஃபஸ் காய்ச்சலில் ஒரு மாத இடைவெளியில் இறந்துபோகிறார்கள். கைக்குழந்தையான ஜேனைத் தூக்கி வந்தவர் அவளுடைய தாய்மாமன். அவரும் சீக்கிரமே இறந்துவிட, தாய்மாமன் மனைவியின் கையில் குழந்தை சிக்குகிறது. ஆக, அவளை அடிக்கும் ஜான் ரீட் மாமன் மகன்.

மதேய்ரா தீவில் வியாபாரம் செய்யும் ஜான் எயர், அப்பாவின் உடன்பிறந்தவர். பின்பாதியில் வரும் ரிவர்ஸ் குடும்பத்தாரின் அம்மாவும் எயர் வீட்டுப் பெண்தான், அதாவது ஜேனின் அத்தை. அப்படியானால் அந்தக் குடும்பத்துப் பையன் அவளுக்கு அத்தை மகன், நம் கணக்கில் முறைமாப்பிள்ளை. அவனை அவள் ‘அண்ணனாக மட்டும் இரு’ என்று கெஞ்சும் இடம் வரும்போது இந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

பெயர் உச்சரிப்பில் ஒன்று. அந்தப் பையன் பெயரை ‘செயின்ட் ஜான்’ என்று எழுதியிருந்தாலும் ‘சின்ஜின்’ என்றுதான் சொல்வார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

3. எழுதியவரைப் பற்றித் தேவையான அளவுக்கு

சார்லட் பிரான்ட்டே 1816இல் யார்க்‌ஷயரில் பிறந்தார். ஐந்து வயதில் அம்மா இறந்தார். பாதிரிமார் பெண்களுக்கான பள்ளி ஒன்றில் அக்காமார் இருவரோடு சேர்க்கப்பட்டார். அந்த அக்காமார் இருவரும் அங்கே நோயுற்று, 1825இல் வீட்டுக்குத் திரும்பி இறந்துபோனார்கள். வளர்ந்தபின் பணக்கார வீடுகளில் தங்கிப் பாடம் சொல்லித்தரும் வேலை பார்த்தார். 1841இல் அவர் சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்டு, துணி துவைக்கும் செலவைப் பிடித்துக்கொண்டால் 16. இதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

1846 ஆகஸ்டில், அப்பாவின் கண்புரை அறுவைக்காக மான்செஸ்டரில் தங்கியிருந்தபோது இந்த நாவலைத் தொடங்கினார். ‘கரர் பெல்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். நாவலில் சம்பளத் தொகைகள் ஏன் இவ்வளவு துல்லியமாக இருக்கின்றன என்பதற்கு அந்த 16 பவுண்டு போதும். மேற்கொண்டு வாழ்க்கை வரலாற்றுக்குள் இப்போது போகாதீர்கள்.

4. கேட்ஸ்ஹெட்: அத்தியாயம் 1 முதல் 4 வரை, மெதுவாக

முதல் காட்சியை இரண்டு தடவை படியுங்கள். குளிர்காலப் பிற்பகல். ஜன்னல் மேடையில் காலை மடக்கி உட்கார்ந்து, சிவப்புத் திரையை இழுத்து மூடிக்கொண்டு, பறவைகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் ஜேன். பதினான்கு வயது ஜான் ரீட் கண்டுபிடிக்கிறான். புத்தகத்தைப் பிடுங்கி அவள் மேல் வீசுகிறான். தலை கதவில் மோதி ரத்தம் வருகிறது.

அடியைவிட, அதற்கு முன் அவன் சொல்வதைக் கவனியுங்கள். எங்கள் புத்தகத்தைத் தொட உனக்கு உரிமை கிடையாது, நீ அண்டிப் பிழைக்கிறவள், உனக்குக் காசு இல்லை, நீ பிச்சை எடுக்கவேண்டியவள், இந்த வீடே என்னுடையது. பதினான்கு வயதுப் பையன் பேசுவது முழுக்க சொத்து. வேலைக்காரி ஆபட் அதற்கும் மேலே போகிறாள்: நீ வேலைக்காரியைவிடக் கீழ், ஏனென்றால் சாப்பிடும் சோற்றுக்கு நீ எந்த வேலையும் செய்வதில்லை. நோட்டில் முதல் பதிவு இதுதான். கூரை: தாய்மாமன் வீடு. சோறு: மாமி போடுவது. கையில்: ஒன்றுமில்லை.

அவளைச் சிவப்பு அறையில் பூட்டுகிறார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் மாமா உயிர்விட்ட அறை. பயத்தில் மயங்கி விழுகிறாள். மறுநாள் மருந்துக்காரர் லாய்ட் வந்து, உனக்கு அப்பா வழியில் வேறு சொந்தம் இல்லையா, ஏழைகளாக இருந்தால் அவர்களிடம் போவாயா என்று கேட்கிறார். மாட்டேன் என்கிறாள். இங்கே வளர்ந்த ஜேன் சொல்லும் ஒரு வரி நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும்: சாதியை விலையாகக் கொடுத்து விடுதலையை வாங்கும் அளவுக்கு எனக்கு வீரம் இல்லை. நான் மொழிபெயர்ப்பில் நுழைத்த சொல் என்று நினைக்காதீர்கள். மூலத்திலேயே ‘காஸ்ட்’ என்ற சொல்தான் இருக்கிறது. தன்னிடம் இருந்த ஏழ்மை மீதான அருவருப்பைக்கூட மறைக்காமல் சொல்கிறாள். இந்த நேர்மையால்தான் அவளை நான் நம்புகிறேன்.

நான்காம் அத்தியாயத்தில், ஜேன் அடுத்துப் போகவிருக்கும் லோவுட் பள்ளியின் நிர்வாகி ப்ராக்கில்ஹர்ஸ்ட் வருகிறார், கறுப்புத் தூண்போல. நரகத்துக்குப் போகாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று அவர் கேட்க, உடம்பை நன்றாக வைத்துக்கொண்டு சாகாமல் இருக்கவேண்டும் என்கிறாள் குழந்தை. ‘இவள் பொய் சொல்கிறவள்’ என்று மாமி அவரிடம் சொல்லிவைக்கிறாள். அவர் போனதும் ஜேன் மாமியைப் பார்த்துத் திருப்பிப் பேசுகிறாள்: நான் பொய்க்காரியாக இருந்தால் உங்களைப் பிடிக்கும் என்று சொல்லியிருப்பேன். பிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

பேசிய பிறகு என்ன ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வெற்றிக் களிப்பு. அதன்பின் நெஞ்சு கசக்கிறது. கோபம் ஒன்றே போதும் என்று இந்த நாவல் எங்கும் சொல்வதில்லை.

5. லோவுட்: அத்தியாயம் 5 முதல் 10 வரை

மொத்தம் எட்டு வருடம்: ஆறு வருடம் மாணவி, இரண்டு வருடம் ஆசிரியை. ஆனால் ஆசிரியர் முதல் வருடத்துக்கு ஐந்து அத்தியாயம் கொடுத்துவிட்டு, மீதியைச் சில பத்திகளில் தாண்டிவிடுகிறார். நீங்களும் அதே வேகத்தில் போங்கள்.

முதல் நாள் காலை அடிப்பிடித்த ஓட்ஸ் கஞ்சி. பசியில் ஒன்றிரண்டு கரண்டி வாயில் போட்டபிறகுதான் நாற்றம் தெரிகிறது, வைத்துவிடுகிறாள். இந்தக் கஞ்சியைப் பக்க எண்ணோடு குறித்துவையுங்கள். வேறொரு கஞ்சி பின்னால் வரும். அன்று தலைமை ஆசிரியை மிஸ் டெம்பிள் தன் பொறுப்பில் எல்லோருக்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுக்கச் சொல்கிறார். ப்ராக்கில்ஹர்ஸ்ட் வந்து அதற்குக் கணக்குக் கேட்கிறார். பிள்ளைகளின் உடலைப் பட்டினி போட்டால் ஆன்மா வளரும் என்பது அவர் வாதம். அதே நேரம் அவருடைய மனைவியும் பெண்களும் வெல்வெட்டும் பட்டும் உடுத்து உள்ளே நுழைகிறார்கள்.

ஜேனோடு படிக்கும் ஹெலன் பர்ன்ஸ் இங்கேதான் வருகிறாள். அடித்தாலும் பொறுத்துக்கொள்கிறவள். ஜேன் அவளை நேசிக்கிறாள், ஆனால் அவள் வழியை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அடிப்பவனைத் திருப்பி அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அவன் நிறுத்தமாட்டான் என்கிறாள். இந்த இருவரின் பேச்சையும் (அத்தியாயம் 6) அவசரப்படாமல் படியுங்கள். வசந்த காலத்தில் டைஃபஸ் பரவி, 80 பெண்களில் 45 பேர் ஒரே சமயத்தில் படுத்துவிடுகிறார்கள். ஹெலன் காசநோயில், ஜேனைக் கட்டிக்கொண்டு தூங்கும்போதே இறந்துபோகிறாள். அந்த அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் ஒரு புத்தகக்குறி வைத்துவிட்டு மேலே போங்கள்.

பத்தாம் அத்தியாயம் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று. மிஸ் டெம்பிள் கல்யாணமாகிப் போய்விடுகிறார். ஜேனுக்குப் பதினெட்டு வயது. ஜன்னலைத் திறந்து தூரத்து மலைச்சாலையைப் பார்த்தபடி வேண்டுகிறாள். முதலில் விடுதலை கேட்கிறாள். அது காற்றில் போய்விட்டதுபோல் இருக்கவே, மாற்றமாவது கொடு என்கிறாள். அதுவும் போய்விட, ‘குறைந்தபட்சம் ஒரு புதிய ஊழியமாவது கொடு’ என்கிறாள். படிப்படியாக விலையைக் குறைத்துக்கொண்டே வரும் வேண்டுதல். நிஜத்தில் நாமெல்லாம் அப்படித்தானே வேண்டுகிறோம்.

அப்புறம் காரியத்தில் இறங்குகிறாள். செய்தித்தாளுக்கு விளம்பரம் எழுதி, இரண்டு மைல் நடந்து போய்த் தபாலில் சேர்க்கிறாள். ஒரே ஒரு பதில் வருகிறது: தார்ன்ஃபீல்டில் ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும், ஆண்டுக்கு 30 பவுண்டு. லோவுட்டில் 15தான். சம்பளம் இரட்டிப்பு. யாரும் தேடித்தரவில்லை, யாரும் கைப்பிடித்து அழைத்துப்போகவில்லை. நோட்டில் இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

6. தார்ன்ஃபீல்ட்: அத்தியாயம் 11 முதல் 20 வரை

இந்தப் பகுதி தானாகவே ஓடிவிடும், வழிகாட்டி அதிகம் தேவையில்லை. மூன்று இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

ஒன்று, 12ஆம் அத்தியாயத்தில் மேல்மாடத்தில் நின்று அவள் நினைப்பது. ஆண்களுக்கு இருப்பதுபோலவே பெண்களுக்கும் உணர்ச்சி உண்டு, புட்டிங் செய்வதும் காலுறை பின்னுவதும் போதும் என்று பெண்களைச் சொல்வது குறுகிய புத்தி என்கிறாள். 1847இல் அச்சான வரி. அந்த நினைப்பு முடிந்த உடனே மாடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரிந்தபிறகு இந்தப் பக்கத்தை மறுபடி படிக்கவேண்டியிருக்கும்.

இரண்டு, வீட்டு முதலாளி ரோச்செஸ்டரை அவள் முதலில் சந்திப்பது. பனிக்கட்டியில் குதிரை சறுக்கி அவர் விழுந்துகிடக்கிறார். அவள் தோளில் கை வைத்துத்தான் குதிரை ஏறுகிறார். கடைசி அத்தியாயங்களுக்கு இது தேவைப்படும்.

மூன்று, ‘நான் அழகாக இருக்கிறேனா?’ என்று அவர் கேட்க, ‘இல்லை, சார்’ என்று அவள் யோசிக்காமல் சொல்வது. சம்பளம் கொடுப்பவரிடம் உண்மை பேசும் ஆள்.

7. ஐந்து பவுண்டு பாக்கி: அத்தியாயம் 21

சாகக்கிடக்கும் மாமி கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள். ஜேன் லீவு கேட்கப் போகிறாள். கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று ரோச்செஸ்டர் கேட்கிறார். மெலிந்த பர்ஸை எடுத்துக் காட்டுகிறாள், ஐந்து ஷில்லிங். அதைத் தன் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். ஐம்பது பவுண்டு நோட்டு ஒன்றை நீட்டுகிறார். அவளுக்குச் சேரவேண்டிய சம்பளம் 15 மட்டும். என்னிடம் சில்லறை இல்லை என்கிறாள். சில்லறை வேண்டாம், வைத்துக்கொள் என்கிறார். அவள் வாங்க மறுக்கிறாள். சரி, ஐம்பது கொடுத்தால் மூன்று மாதம் வராமல் இருந்துவிடுவாய், இந்தா பத்து, போதுமா?

‘போதும், சார். ஆனால் இப்போது நீங்கள் எனக்கு ஐந்து பவுண்டு தரவேண்டும்.’

இதைக் காதல் விளையாட்டு என்று படிக்கலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அவள் கைகளைப் பாருங்கள். ஒன்பது பவுண்டைத் திருப்பிக் கொடு என்று அவர் சீண்டும்போது பர்ஸோடு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். அதிகமாகக் கொடுத்தால் வாங்கமாட்டாள், சேரவேண்டியதில் ஒரு பென்னியும் விடமாட்டாள். இந்த இரண்டும் ஒரே குணம் என்பதை இந்த ஒரு காட்சியிலேயே ஆசிரியர் காட்டிவிடுகிறார்.

ஊரில் மாமி ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுக்கிறாள். மதேய்ராவிலிருந்து ஜான் எயர் மூன்று வருடத்துக்கு முன் எழுதியது: என் சகோதரன் மகளைத் தத்தெடுத்து என் சொத்தைக் கொடுக்க விரும்புகிறேன், முகவரி வேண்டும். ஜேன் டைஃபஸில் செத்துவிட்டாள் என்று மாமி பதில் எழுதியிருக்கிறாள். பத்து வயதில் திருப்பிப் பேசியதற்குப் பழி.

8. பட்டுக்கடை: அத்தியாயம் 23, 24 (இங்கே ஒரு நாள் தங்குங்கள்)

23இல் வரும் வசனம் உலகப் புகழ் பெற்றது. நான் ஏழை, அழகில்லாதவள், குள்ளமானவள் என்பதால் எனக்கு ஆன்மாவும் இதயமும் இல்லை என்று நினைக்கிறீர்களா? நான் பறவை இல்லை, என்னை எந்த வலையும் பிடிக்காது என்கிறாள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த அத்தியாயத்துப் பட்டுக்கடை.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ரோச்செஸ்டர் அவளை மில்கோட் டவுனுக்குக் கூட்டிப்போய் ஆறு உடுப்புக்குத் துணி எடுக்கச் சொல்கிறார். கெஞ்சி இரண்டாகக் குறைக்கிறாள். அவர் பளிச்சென்ற ஊதாப் பட்டும் ரோஸ் நிற சாட்டினும் எடுக்கிறார். அவள் போராடி, கறுப்பு சாட்டினும் முத்துச் சாம்பல் நிறப் பட்டுமாக மாற்றுகிறாள். அப்புறம் நகைக்கடை. அவர் வாங்க வாங்க, தன் கன்னம் எரிச்சலிலும் இழிவுணர்விலும் எரிந்தது என்கிறாள். காதலிக்கும் ஆள்தான், கல்யாணம் நடக்கப்போகிறதுதான். இருந்தாலும் எரிகிறது.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மறந்துபோன ஒன்று ஞாபகம் வருகிறது: மதேய்ரா கடிதம். கொஞ்சமாவது சொந்தக் காசு இருந்தால் இந்த உறுத்தல் இருக்காது, வீட்டுக்குப் போனதும் ஜான் எயருக்கு எழுதிவிடவேண்டும் என்று நினைக்கிறாள். எழுதியும் விடுகிறாள். நான் உயிரோடு இருக்கிறேன், எனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது என்று.

நோட்டில் இந்த வரியைக் கட்டம் போட்டு வையுங்கள். இந்தக் கடிதம்தான் கதையின் அச்சாணி. மதேய்ராவில் அந்தக் கடிதம் போய்ச் சேரும்போது, ஜான் எயரைப் பார்க்க வந்திருப்பவர் ரிச்சர்ட் மேசன், ரோச்செஸ்டர் மாடியில் அடைத்துவைத்திருக்கும் மனைவி பெர்த்தாவின் உடன்பிறந்தவர். அவர் மூலமாகத்தான் 26ஆம் அத்தியாயத்தில் தேவாலயத்திலேயே கல்யாணம் தடுக்கப்படுகிறது. வழக்கறிஞர் ப்ரிக்ஸ் இதை இரண்டு பத்தியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மாடியில் இருக்கும் பைத்தியக்காரி யார் என்ற அதிர்ச்சியில் நாம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். நானும் இரண்டு தடவை விட்டேன். எந்தத் தெய்வமும் ஓடிவந்து அவளைக் காப்பாற்றவில்லை. அடுத்தவர் காசில் பொம்மைபோல உடுத்திக்கொள்ளப் பிடிக்காமல் அவளே எழுதிய கடிதம்தான் அவளைக் காப்பாற்றியது.

24ஆம் அத்தியாயத்தில் அவள் போடும் நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கல்யாணத்துக்குப் பிறகும் தார்ன்ஃபீல்டுக் குழந்தை அடேலுக்குப் பாடம் சொல்லித்தருவேன், அதில் என் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஆகிவிடும், மேற்கொண்டு ஆண்டுக்கு 30 பவுண்டு சம்பளம்.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணின் பணமும் சம்பாத்தியமும் பொதுவாகக் கணவனைச் சேர்ந்தவை. அந்த நிலையை 1870ஆம் ஆண்டுச் சட்டம் கொஞ்சம் தளர்த்தியது, 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் முழுதாக மாற்றியது. நாவல் வந்து 35 வருடம் கழித்து. சார்லட் 1855இலேயே இறந்துவிட்டார்.

9. இருபது ஷில்லிங்: அத்தியாயம் 27, 28

கல்யாணம் நின்றுபோன பிறகு ரோச்செஸ்டர் மன்றாடுகிறார். பிரான்ஸுக்குப் போய்விடலாம், அங்கே யாருக்குத் தெரியும், உனக்குத்தான் யாரும் இல்லையே, யார் கவலைப்படப் போகிறார்கள்? அவள் பதில்: எனக்காக நான் கவலைப்படுகிறேன். துணையில்லாமல் போகப்போக, என்னை நான் இன்னும் அதிகமாக மதிப்பேன்.

விடிவதற்குள் கிளம்புகிறாள். அலமாரியில் துணி தேடும்போது, அவர் வற்புறுத்திக் கொடுத்த முத்துமாலை கையில் படுகிறது. அதை வைத்துவிடுகிறாள், தன்னுடையது இல்லை என்று. பர்ஸில் 20 ஷில்லிங், அவ்வளவுதான் அவள் சொத்து. வண்டிக்காரர் 30 கேட்கிறார். என்னிடம் 20தான் இருக்கிறது என்கிறாள். அந்தக் காசு எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் கொண்டுபோய், நான்கு சாலை கூடும் விட்க்ராஸ் என்ற இடத்தில் இறக்கிவிடுகிறார். வண்டி போனபிறகுதான் தெரிகிறது, துணி மூட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டாள்.

28ஆம் அத்தியாயம் படிக்கக் கஷ்டமானது. அதனாலேயே வேகமாகத் தாண்டத் தோன்றும். தாண்டாதீர்கள். புதர்க்காட்டில் படுக்கிறாள். ஊருக்குள் போய் வேலை கேட்கிறாள், எங்கும் இல்லை. ரொட்டிக் கடையில் கழுத்துக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஒரு பன் தருவீர்களா என்கிறாள். கடைக்காரி சந்தேகமாகப் பார்க்கிறாள். கையுறையாவது? அதை வைத்து நான் என்ன செய்ய என்கிறாள் கடைக்காரி. மறுநாள், குடிசை வாசலில் ஒரு சிறுமி பன்றித் தொட்டியில் ஆறிப்போன கஞ்சியைக் கொட்டப் போகிறாள். அதை எனக்குத் தருகிறாயா? உள்ளே இருந்து அம்மா குரல்: பிச்சைக்காரியாக இருந்தால் கொடு, பன்றிக்கு வேண்டாமாம். கட்டியாக உறைந்த கஞ்சியை அந்தச் சிறுமி கையில் கொட்டுகிறாள். ஜேன் விழுங்குகிறாள்.

இப்போது லோவுட் கஞ்சிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே அவள் கரண்டியை வைத்துவிட்டாள், ஏனென்றால் எதற்கும் ஒரு கூரை இருந்தது. மருந்துக்காரரிடம் ஏழைகளோடு இருக்கமாட்டேன் என்று சொன்ன குழந்தையையும் நினைத்துக்கொள்ளுங்கள். தன்மானத்தோடு வெளியேறுவதற்கு என்ன விலை என்பதை இந்த இரண்டு மூன்று நாளில் ஆசிரியர் ஒரு ஷில்லிங்கூடக் குறைக்காமல் காட்டுகிறார்.

10. சொந்தக் கதவு: அத்தியாயம் 29 முதல் 33 வரை

மூர் ஹவுஸ் என்ற வீட்டில் ரிவர்ஸ் குடும்பத்து டயானா, மேரி, சின்ஜின் மூவரும் அவளைக் காப்பாற்றுகிறார்கள். எழுந்து உட்கார்ந்ததுமே அவள் வேலை கேட்கிறாள். மார்ட்டன் கிராமப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைக்கிறது, மறுபடி 30 பவுண்டு. கூடவே ஒரு குட்டி வீடு. இருபது பிள்ளைகள், அதில் மூன்று பேருக்குத்தான் வாசிக்கத் தெரியும், எழுத யாருக்கும் தெரியாது.

முதல் நாள் சாயங்காலம் அவளுக்குக் கூச்சமாக, கீழே இறங்கிவிட்டதுபோல இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறாள். பிறகு தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாள்: மார்செய்யில் ஒருவருடைய ஆசைநாயகியாகச் சொகுசாக இருப்பதா, இந்த மலையோரத்தில் நேர்மையான பள்ளிக்கூட வாத்தியாரம்மாவாக இருப்பதா? பதில் தெரிந்தும் அழுகை வருகிறது. நோட்டின் முதல் பத்தியில் ‘அவள் வீடு’ என்று முதல் தடவையாக எழுதலாம்.

33இல் பனிப்புயல் ராத்திரி சின்ஜின் கதவைத் தட்டி, மதேய்ரா ஜான் எயர் இறந்துவிட்டார், 20,000 பவுண்டு உனக்கு என்கிறான். அவள் துள்ளவில்லை, ஒரு மாதிரி கனத்துப்போகிறாள். இவர்கள் மூவரும் என் அத்தை பிள்ளைகள் என்று தெரிந்த கணத்தில்தான் துள்ளுகிறாள். உடனே நான்காகப் பங்கு போடச் சொல்கிறாள், ஆளுக்கு 5,000. சின்ஜின் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. பெருந்தன்மை என்று நின்றுவிடாதீர்கள். அண்டி வாழ்வதன் ருசி தெரிந்தவள் அவள். டயானாவும் மேரியும் அந்நியர் வீடுகளில் சம்பளத்துக்குப் பாடம் சொல்லித்தரும் சகோதரிகள். அவர்களை அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறாள்.

11. இந்தியாவுக்குப் போகாத பயணம்: அத்தியாயம் 34, 35

சின்ஜின் மிஷனரியாக இந்தியா போகப்போகிறான். ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தவளை இந்துஸ்தானி படிக்கச் சொல்கிறான். அப்புறம் கல்யாணம் செய்துகொண்டு கூட வா என்கிறான். காதலுக்காக இல்லை, ஊழியத்துக்காக. உன் உடன்பிறந்தவளாக, சுதந்திரமானவளாக வருகிறேன், மனைவியாக வரமாட்டேன் என்கிறாள். அவன் விடுவதில்லை.

ரோச்செஸ்டரை விட்டு வந்ததைவிட இது கடினமான மறுப்பு என்பது என் எண்ணம். அங்கே பாவம் என்று சொல்லி மறுக்க முடிந்தது. இங்கே எதிரில் நிற்பவன் நல்லவன், கடவுள் பெயரைச் சொல்கிறான். நெஞ்சில் அன்பில்லாத இந்தக் கல்யாணம் என்னைக் கொன்றுவிடும் என்று அவள் சொல்வது அவனுக்குப் புரிவதே இல்லை. லோவுட் ப்ராக்கில்ஹர்ஸ்டையும் இவனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் தோற்றத்தைச் சொல்ல ஆசிரியர் பளிங்கு, பனி போன்ற சொற்களையே எடுப்பதையும் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

12. ஃபெர்ன்டீன்: அத்தியாயம் 36 முதல் 38 வரை

தார்ன்ஃபீல்ட் எரிந்துபோய்விட்டது. மனைவி பெர்த்தா கூரையிலிருந்து குதித்து இறந்தாள். ரோச்செஸ்டருக்குக் கண் போய், ஒரு கையும் போய்விட்டது. அவர் ஒதுங்கி வாழும் ஃபெர்ன்டீன் வீட்டுக்கு ஜேன் தேடி வந்து முதலில் சொல்லிக்கொள்வது தன் நிலைமையை: நான் இப்போது சுதந்திரமானவள், பணக்காரியும்கூட, எனக்கு நானே எஜமானி. உங்களோடு இருக்க விடாவிட்டால் உங்கள் வாசலை ஒட்டி நானே ஒரு வீடு கட்டிக்கொள்வேன், சாயங்காலம் பேச்சுத்துணை வேண்டுமென்றால் நீங்கள் வந்து என் கூடத்தில் உட்காரலாம்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த குழந்தை பேசுகிற பேச்சு இது. பனியில் சறுக்கி விழுந்தவர் அவள் தோளில் கை வைத்ததையும் இப்போது நினைத்துக்கொள்ளலாம். அவர் மறுபடி அவள் தோளைப் பிடித்துத்தான் நடக்கிறார்.

13. இரண்டாம் சுற்று: பெர்த்தாவின் பணம்

முடித்த கையோடு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நோட்டில் பெர்த்தாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்தவள், தோட்ட முதலாளியின் மகள். ரோச்செஸ்டருக்கு அவளோடு வந்தது 30,000 பவுண்டு. அந்தப் பணம் அவர் கைக்குப் போயிற்று, அவள் மாடி அறைக்குப் போனாள். அவள் தரப்புக் கதையை நாவல் முழுக்க ரோச்செஸ்டர் வாயிலாகத்தான் கேட்கிறோம். கல்யாணத்தில் பணத்தோடு தன்னையும் இழந்த பெண் மாடியில் இருக்கிறாள், பட்டுக்கடையில் கன்னம் எரிகிறவள் கீழே இருக்கிறாள். ஒரே வீடு.

ஜமைக்காத் தோட்டங்களின் செல்வம் அடிமைகளின் உழைப்பில் வந்தது. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிப்பு 1834இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஜேனுக்கு வந்த 20,000ஐயும் சும்மா விடக்கூடாது. மதேய்ராவின் ஃபுன்ஷால் துறைமுகத்தில் ஜான் எயர், இதே மேசன் குடும்ப வியாபாரத்தின் தொடர்பாளராக இருந்தவர். ஜேன் இதைப் பற்றி எங்கும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளை எவ்வளவு நேசித்தாலும் அந்த மௌனத்தை நோட்டில் எழுதத்தான் வேண்டும்.

கடைசியாக, 9ஆம் அத்தியாயத்தில் வைத்த புத்தகக்குறிக்குத் திரும்புங்கள். ஹெலனின் புதைமேட்டில் பதினைந்து வருடம் புல்தான் இருந்தது, இப்போது அங்கே ஒரு சாம்பல் நிறப் பளிங்குப் பலகை இருக்கிறது, அதில் அவள் பெயரும் ‘மீண்டும் எழுவேன்’ என்ற பொருளில் ஒரு லத்தீன் சொல்லும் பொறித்திருக்கிறது என்று ஜேன் சொல்கிறாள். யார் வைத்தார்கள் என்று சொல்வதில்லை. ஹெலன் இறந்தபோது ஜேனுக்குப் பத்து வயது. பதினைந்தைக் கூட்டுங்கள், இருபத்தைந்து. 5,000 பவுண்டு கைக்கு வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். தான் வாங்கிய ஒவ்வொரு பவுண்டையும் நமக்குச் சொன்னவள், இந்தப் பளிங்குக்கு என்ன செலவானது என்பதை மட்டும் சொல்லவில்லை. என் நோட்டில் அந்த வரிக்கு எதிரே தொகைக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.